மாணவரும் வாக்குரிமையும்: ஒரு சங்கச் செயலாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் வளாகத் தமிழ் மாணவர் சங்கத்தின் செயலாளர். கடந்த பொதுத்தேர்தலில் எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாக்களித்தார்கள். ஆனால் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், “என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது” என்று நழுவிவிடுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்து எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை. சங்கத்தில் நிரந்தரவாசிகளும் இந்தியாவிலிருந்து வந்து படிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் பொருந்தும்படி ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த விரும்புகிறோம். பதாகை வைக்கலாம், இன்ஸ்டகிராமில் கருத்துக்கணிப்பு நடத்தலாம் என்று யோசனைகள் வந்துள்ளன. என் அம்மாவோ, “அரசியல் நமக்கு எதற்கு? உபகாரச் சம்பளத்துக்கு ஏதாவது வந்துவிடப் போகிறது” என்று அஞ்சுகிறார். இன்னொன்று: தேர்தல் நாளன்று நான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இங்கிலாந்தில் இருந்ததால் வாக்களிக்கவில்லை. மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கு ஆற அமர விடை தேடலாம்; இதற்கு மட்டும் காலக்கெடு உண்டு. 2025 மே 3ஆம் தேதி நடந்த தேர்தலில் வாக்களிக்காதவர்களின் பெயர்கள் வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்பது சட்டம். நீக்கப்பட்ட பெயரைத் திரும்பச் சேர்க்காதவரை அடுத்து வரும் அதிபர் தேர்தலிலோ பொதுத்தேர்தலிலோ நீங்கள் வாக்களிக்க முடியாது. வேட்பாளராகவும் நிற்க முடியாது. பெயரைச் சேர்ப்பது கடினமன்று. தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் எனும் மின்னிலக்க அடையாள முறை வழியாக நுழைந்து காரணத்தைத் தெரிவித்து விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தது ஏற்கத்தக்க காரணம் என்பதால், தக்க காரணம் இல்லாதவர்கள் செலுத்த வேண்டிய 50 வெள்ளிக் கட்டணம் உங்களுக்கு இருக்காது. பரிமாற்றத் திட்டத்துக்குத் தேர்வான கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம், தேர்தலை நடத்தச் சொல்லும் தேர்தல் ஆணை வெளியாகிவிட்டால் பெயரைத் திரும்பச் சேர்க்க வழியில்லை என்பதுதான். சென்ற முறை ஏப்ரல் 15ஆம் தேதி ஆணை வெளியாகி, 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல் முடிந்து, மே 3ஆம் தேதி வாக்களிப்பு நடந்துவிட்டது. இடையில் மூன்று வாரங்கள்கூட இல்லை. அதிபர் திரு தர்மன் சண்முகரத்னம் 2023 செப்டம்பரில் ஆறாண்டுக் காலத்துக்குப் பதவியேற்றதால், அடுத்த அதிபர் தேர்தல் 2029க்குள் வந்தாக வேண்டும். இடைத்தேர்தல் எப்போது வரும் என்பதை யாரும் சொல்ல முடியாது. மேற்படிப்புக்கோ வேலைக்கோ மீண்டும் வெளிநாடு செல்வதாக இருந்தால், வெளிநாட்டு வாக்காளராக முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். லண்டனில் உள்ள வாக்களிப்பு நிலையம் உட்பட வெளிநாட்டு நகரங்களில் நேரில் வாக்களிக்கும் வசதி 2006 பொதுத்தேர்தலிலிருந்தும், அஞ்சல்வழி வாக்களிக்கும் வசதி 2023 அதிபர் தேர்தலிலிருந்தும் இருக்கின்றன. பரிமாற்றத் திட்டத்தில் செல்லும் மாணவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. தகுதி உண்டா என்று கேட்டீர்கள். அடுத்த பருவத்தில் விமானம் ஏறவிருக்கும் இளையோரிடம் இதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் உங்கள் சங்கத்தில் இருக்க முடியாது.

இனி உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறேன். “வாக்களியுங்கள்” என்று பதாகை அச்சிடும் யோசனையைக் கைவிடச் சொல்வேன். மாணவர்களை வாக்குச்சாவடிக்கு வரவழைப்பதே பெரும்பாடாக இருக்கும் நாடுகளுக்கு உரிய முயற்சி அது. இந்தியாவில் ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்லூரிகளில் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அங்கே அதற்குத் தேவை இருக்கிறது. சிங்கப்பூரிலோ 1959ஆம் ஆண்டிலிருந்து வாக்களிப்பது கட்டாயம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்து வாக்களித்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர் எதைத் தெரிந்துகொண்டு வருகிறார், வாக்களித்த பிறகு அடுத்த தேர்தல் வரையில் என்ன செய்கிறார் என்ற இரண்டு கேள்விகள்தான் நம் ஊரில் வெறுமையாகக் கிடக்கின்றன. உங்கள் சங்கத்தின் உழைப்பு அங்கேதான் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

“என் ஒரு வாக்கால் என்ன” என்பவர்களுக்குப் பதில் சொல்லும்போது எண்களை நேர்மையாகப் பயன்படுத்துங்கள். 2011 பொதுத்தேர்தலில் பொத்தோங் பாசிர் தனித்தொகுதியின் (ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) முடிவைத் தீர்மானித்தவை 114 வாக்குகள். உங்கள் வளாகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் அதைவிட அதிகமானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதே ஆண்டு நடந்த அதிபர் தேர்தலில், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில், முதல் இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு 7,382. 2025இல் ஜாலான் காயு தனித்தொகுதியில் வென்றவர் பெற்றது 51.47 விழுக்காடு வாக்குகள். ஆனால் இவற்றை மட்டும் காட்டி விட்டுவிட்டால், நெருக்கமான போட்டி இல்லாத தொகுதியில் வசிக்கும் மாணவர், “அப்படியானால் என் வாக்கு வீண்தானே” என்று கேட்பார். அவர் கேட்பது நியாயமும்கூட. அவருக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. நம் நாடாளுமன்ற அமைப்பில் தோற்றவர் பெற்ற வாக்குகளுக்கும் கணக்கு உண்டு. எதிர்த்தரப்பினர் குறைந்தது பன்னிரண்டு பேராவது நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டும் என்பதால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அதற்குக் குறைவாக இருந்தால், தோற்றவர்களில் அதிக விழுக்காடு பெற்றவர்களுக்குத் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் இடங்கள் செல்கின்றன. 2025இல் அப்படி இருவர் உள்ளே சென்றார்கள். எந்தக் கட்சியை ஆதரிப்பவருக்கும் இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். பட்டக்கல்வி பயிலும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் செயற்குழுவிலேயே கேட்டுப் பாருங்கள்.

வாக்களிக்கும் வாய்ப்பே எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். தஞ்சோங் பகார் குழுத்தொகுதி (பலர் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதி) 1991இல் உருவானதிலிருந்து 2011 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் போட்டியின்றியே வெல்லப்பட்டது. அங்கே வசித்தவர்கள் 2015இல்தான் அத்தொகுதிக்காக வாக்களித்தார்கள். சென்ற தேர்தலில் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் போட்டி இல்லை. அந்த வட்டாரத்தில் வசிக்கும் உறுப்பினர்கள் உங்கள் சங்கத்திலேயே இருக்கலாம். அவர்களைப் பேச விடுங்கள்.

தேர்தலுக்குப் பிறகு வாக்கு எங்கே போகிறது என்பதைக் காட்ட நகர மன்றத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கி, தாழ்வாரம், குப்பை அகற்றுதல், கூரையிட்ட நடைபாதை ஆகியவற்றைப் பராமரிக்கும் நகர மன்றத்தை, அத்தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களே நடத்துகிறார்கள். மாதந்தோறும் உங்கள் வீட்டில் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் செல்கிறது. ஒவ்வொரு நகர மன்றமும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கணக்கியல் படிக்கும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இரண்டு நகர மன்றங்களின் அறிக்கைகளைக் கொடுத்து, தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கட்சிச் சார்பு இல்லாமலும், அதே வேளையில் உப்புச் சப்பில்லாமல் போய்விடாமலும் ஒரு மாலைப்பொழுது நடக்கும். ஒரு கருத்தரங்குக்குப் பிரபலமான ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவதைவிட இது பயனுள்ளது என்று நினைக்கிறேன். (பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகையில் சிற்றுண்டி வாங்கிக்கொள்ளலாம்.)

21 வயது ஆகாதவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் 2021 டிசம்பரிலிருந்து 18 வயதினர் வாக்களிக்கிறார்கள். இந்தியாவில் 1989லேயே வயது 21இலிருந்து 18 ஆகிவிட்டது. நம் நாட்டில் 21 என்பதால், கட்டாயமான தேசிய சேவையை (ராணுவப் பணி முதலியன) முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் ஆண்கள் முதலாண்டிலேயே வாக்காளர்களாக இருப்பார்கள். பெண்களுக்கும் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடியவை நிறைய. நாடாளுமன்றக் கூட்டங்களைப் பார்வையாளர் மாடத்திலிருந்து நேரில் பார்க்கலாம். 2021 ஜனவரியிலிருந்து அவை இணையத்திலும் நேரலையாக வருகின்றன. மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் உறுப்பினர்கள் பேசலாம் என்பதை அரசமைப்புச் சட்டமே உறுதி செய்கிறது. வரவுசெலவுத் திட்ட விவாதம் நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கல்வி அமைச்சின் செலவினம் பற்றிய விவாதத்தில் தாய்மொழிக் கல்வி பற்றிய கேள்விகள் எழுவதுண்டு. அந்தப் பகுதியைச் சேர்ந்து பார்த்து, “நீ உறுப்பினராக இருந்தால் அமைச்சரிடம் என்ன துணைக்கேள்வி கேட்பாய்?” என்று தம்பி தங்கைகளிடம் கேளுங்கள். தமிழ்ச் சொற்போரில் பழகியவர்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கும். நாடாளுமன்றத் தெரிவுக்குழு ஏதேனும் மக்களிடம் எழுத்துவடிவில் கருத்துக் கேட்டால், மாணவர்களும் அனுப்பலாம்; இணையப் பொய்ச் செய்திகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டுத் தெரிவுக்குழுவின் முன்னிலையில் மாணவர்களும் வந்து பேசியிருக்கிறார்கள். ‘ரீச்’ எனப்படும் அரசாங்கக் கருத்துத்திரட்டுப் பிரிவுக்கும் எழுதலாம்.

அதற்கெல்லாம் முன்பாக, வளாகத்துக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. மாணவர் ஒன்றியத் தேர்தலில் வாக்களிக்காவிட்டால் யாரும் பெயரை நீக்கப் போவதில்லை. சட்டத்தின் கட்டாயம் இல்லாத இடத்தில் உங்கள் உறுப்பினர்கள் எத்தனை பேர் வாக்களித்தார்கள், எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்று பாருங்கள். பேருந்துச் சேவை, விடுதிக் கட்டணம், உணவங்காடியின் சைவ உணவுக்கடை என்று உங்கள் அன்றாடத்தைத் தொடும் செய்திகள் அங்கேதான் பேசப்படுகின்றன. தமிழ்ச் சங்கத்தின் பொறுப்புகளுக்கே ஆள் தேடிப் பிடித்து அமர்த்த வேண்டியிருந்தால், உங்கள் விழிப்புணர்வு நிகழ்ச்சியின் முதல் அத்தியாயம் உங்கள் சொந்த ஆண்டுப் பொதுக்கூட்டமாக இருக்கட்டும்.

மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் 1955இல் தொடங்கிய வழக்கம் அது. இன்று பெரும்பாலும் வார நாள் ஒன்றின் இரவில், புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நடக்கிறது. வருகிறவர் வரிசை எண் வாங்கிக்கொண்டு காத்திருப்பார்; தொண்டூழியர் ஒருவர் அவரிடம் விவரம் கேட்டு, வீவகவுக்கோ மத்திய சேமநிதிக் கழகத்துக்கோ மனிதவள அமைச்சுக்கோ அனுப்ப வேண்டிய கடிதத்தை மடிக்கணினியில் தட்டெழுதுவார்; பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் அவரைச் சந்திப்பார். தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் மூத்தவர் ஒருவர், வந்த கடிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமீது கொட்டி, “இதுல எது முக்கியம்னு தெரியலய்யா” என்று சொல்வதையும், எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாததால் பின்வரிசையில் யாருக்காவது தெரியுமா என்று கூப்பிட்டுப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பையிலிருந்து வாடகை நிலுவை பற்றிய கடிதத்தையும் மருந்தகச் சந்திப்பு நினைவூட்டலையும் பிரித்தெடுத்து, அவர் சொல்வதை முறையான ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்க இரு மொழியும் அறிந்த மாணவர் ஒருவர் போதும். அரசாங்கக் கொள்கை ஒன்று ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை, எந்த விரிவுரையையும்விட இந்த மேசை தெளிவாகக் கற்றுக்கொடுக்கும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இந்நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் அந்தந்த உறுப்பினரின் கட்சித் தொண்டர்கள். எனவே இது தனிமனிதராக, எந்தக் கட்சியின் உறுப்பினரிடம் செல்கிறோம் என்று தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் ஆள் அனுப்பக் கூடாது. கட்சித் தொடர்பே வேண்டாம் என்பவர்களுக்கு சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகள், இளையர் தொண்டூழியப் படை என்று வேறு வாசல்கள் உண்டு.

நிரந்தரவாசிகளையும் இந்திய மாணவர்களையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. சிங்கப்பூர்க் குடிமக்கள் அல்லாதவர்கள் இங்குள்ள தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடச் சட்டம் இடம் தராது. ஆகவே நிகழ்ச்சியில் கட்சிச் சின்னமோ வேட்பாளர் ஆதரவோ தலைகாட்டாமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. தேர்தல் முறை எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்வதற்கோ, அக்கம்பக்கத் தொண்டில் கைகொடுப்பதற்கோ தடையில்லை. இந்தியக் குடிமக்களாக இருப்பவர்களிடம், படிப்புக்காக வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் படிவம் 6ஏ வழியாகத் தங்கள் ஊர்த் தொகுதியில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதையும், ஆனால் வாக்களிக்க நேரில் சென்றாக வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள். இரு நாட்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் கூட்டம் சுவையாக இருக்கும்.

இன்ஸ்டகிராம் கருத்துக்கணிப்பில்தான் எனக்குக் கவலை. தேர்தல் ஆணை வெளியான நாளிலிருந்து வாக்களிப்பு முடியும் வரையில், யாருக்கு எவ்வளவு ஆதரவு என்று காட்டும் கருத்துக்கணிப்பு முடிவை வெளியிடுவது குற்றம். விளையாட்டாகச் செய்தோம் என்ற விளக்கம் எடுபடாது. வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டு எடுத்த கணிப்பை வாக்களிப்பு முடிவதற்கு முன் வெளியிடுவதும் அவ்வாறே. வாக்களிப்புக்கு முந்தைய நாளிலும் வாக்களிப்பு நாளிலும் பிரசாரம் கூடாது. தனிமனிதர் தம் சொந்தக் கருத்தை இணையத்தில் மற்றவர்களிடம் வணிக நோக்கமின்றிப் பகிர்வதற்கு விலக்கு இருந்தாலும், சங்கத்தின் பக்கம் தனிமனிதர் அல்ல. வாக்குச்சாவடிக்குள் படம் பிடிப்பதும் கூடாது. வாக்காளர் அட்டையோடு வெளியே நின்று எடுக்கும் தற்படங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பல்கலைக்கழகமும் தன் வளாகத்துக்கெனத் தனி விதிகளை வைத்திருக்கும். நிகழ்ச்சித் திட்டத்தை மாணவர் விவகார அலுவலகத்திடம் முன்னதாகக் காட்டிவிடுங்கள்.

அம்மாவின் அச்சத்தை எள்ளி நகையாடாதீர்கள். வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதைப் பார்த்த எத்தனையோ பெற்றோர், யாருக்கு வாக்களித்தோம் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி அப்படித்தான் நினைக்கிறார்கள். கள்ள வாக்குச்சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுப்பதற்காக அந்த எண் இருக்கிறது. வாக்குகள் எண்ணி முடிந்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்டு, ஆறு மாதங்கள் உச்ச நீதிமன்றத்தின் பெட்டகத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் எரிக்கப்படுகின்றன. நீதிமன்ற ஆணை இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது; முதல் தேர்தல் நடந்த 1948 முதல் அப்படி ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டதே இல்லை என்று தேர்தல் துறை தெரிவிக்கிறது. வேட்பாளர்களின் முகவர்களும் முத்திரையிடுவதைப் பார்க்கிறார்கள். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

“நமக்கு எதற்கு” என்ற அவரது மற்றொரு கேள்விக்கு நம் சமூகத்தின் வரலாற்றிலிருந்தே பதில் உண்டு. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, ஐம்பதுகளில், ஊர் திரும்பும் நினைப்பிலேயே இருந்த தமிழ்த் தொழிலாளர்களிடம் இங்கே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று இடைவிடாமல் வலியுறுத்தினார். பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் சங்கத்தில் பலர். மாணவர்களும் சும்மா இருக்கவில்லை: 1954இல் மலாயாப் பல்கலைக்கழக சோஷலிசக் கழகத்தின் ‘ஃபஜார்’ இதழை நடத்திய எட்டு மாணவர்கள்மீது அரசத் துரோக வழக்குத் தொடரப்பட்டு, எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி ஆகியோர் அவர்களில் அடங்குவர். அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் இளம் லீ குவான் இயூ. (இந்தக் கதையை அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டாம், வரிசை எண் விவகாரம் முடியட்டும்.)

நிகழ்ச்சியை எப்போது வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தேர்தல் பேச்சே இல்லாத காலம்தான் ஏற்றது. அப்போது எதைச் சொன்னாலும் யாருக்காகச் சொல்கிறீர்கள் என்ற ஐயம் எழாது, மேலே சொன்ன தடைக்காலமும் குறுக்கிடாது. புதிய மாணவர்கள் ஆகஸ்டில் வந்து சேர்ந்து, முதல் இடைவேளை வருவதற்குள் ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள். அன்று வருகிறவர்களை அவரவர் கைப்பேசியில் சிங்பாஸைத் திறந்து, வாக்காளர் பதிவேட்டில் தம் பெயர் இருக்கிறதா, எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் அதற்குள் திரும்பச் சேர்ந்திருக்கும்.